ஆடிக் கூழ், சாகை வார்த்தல், செடல்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் கூழ் வேலையில் பத்து வருஷத்துக்கு மேலாக நிற்கிறேன். ஆனி பாதி தாண்டியதும் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். வேலை மாற்றலாகி வந்து குடியேறியவர்கள் கேட்பார்கள், வேறு ஜில்லாவிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்கள் கேட்பார்கள், சென்னையில் ஃபிளாட்டில் இருந்துகொண்டு பாட்டி செய்ததைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் போன் போடுவார்கள். வருஷா வருஷம் அதே கேள்விகள்தான். பல கேள்விகளுக்குச் சாஸ்திரத்தில் பதில் கிடையாது, வழக்கம்தான் இருக்கிறது. வழக்கத்தை வழக்கம் என்றே சொல்லியிருக்கிறேன்.

நோட்டீசில் "சாகை வார்த்தல்" என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

கூழ் வார்த்தல்தான். விழுப்புரம், கடலூர், புதுவைப் பக்கம் விழா நோட்டீசுகளில் சாகை வார்த்தல் என்று அச்சடிப்பார்கள். வாயால் சொல்லும்போது "நாயித்துக்கிழம கூழு ஊத்துறாங்க" என்பதோடு சரி.

ஆடியில் ஏன்?

ஆடி என்பது ஏறக்குறைய ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. நம் கடற்கரைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வரும். ஆடியில் வெக்கையும் இருக்கும், புழுதியைக் கிளப்பும் காற்றும் இருக்கும். அந்தக் காலத்தில் அம்மை, வயிற்றுப்போக்கு எல்லாம் பரவுகிற காலம் என்று பயந்த மாதம். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பதும் இதே மாதம்தான். விதைக்கப் போகிறவன் அம்மனிடம் மழை கேட்கிறான்.

மீனவர் குப்பங்களில் இன்னொரு காரணமும் சொல்வேன், இது என் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கடலில் இறங்கி ஒரு மாதம் கழித்துத்தான் கையில் நாலு காசு புரளும். ஆடித் திருவிழாவுக்கு வரி கொடுக்க அந்தக் காசு வேண்டும்.

அம்மனுக்கு ஏன் கூழ்? பாயசம், பொங்கல் இல்லையா?

பொங்கலும் உண்டு. கூழுக்குச் சொல்லும் கதை ரேணுகாதேவி கதை. கணவர் ஜமதக்னி முனிவர் கொல்லப்பட்டதும் ரேணுகை தீயில் இறங்கினாள். மழை கொட்டி நெருப்பு அணைந்தது. உயிர் போகவில்லை, உடம்பெல்லாம் கொப்புளம். வேப்பிலையைப் பறித்து உடுத்திக்கொண்டு பக்கத்து ஊருக்குள் வந்து பசிக்கிறது என்று கேட்டாள். அந்த ஏழை ஜனங்களிடம் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும்தான் இருந்தது, கொடுத்தார்கள். வேப்பிலையும் மாவிளக்கும் இளநீரும் கூழும் அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால் கதையில் முக்கியமான இடம் வேப்பிலை இல்லை. வாசலில் ஒருத்தி பசியோடு வந்து நிற்கிறாள், வீட்டில் இருப்பதைக் கொடுக்கிறார்கள். கூழ் வார்ப்பவர்கள் அன்றைக்கு அதைத்தான் திரும்பச் செய்கிறார்கள்.

எந்தக் கிழமை ஊற்ற வேண்டும்?

செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்றும் அம்மனுக்கு உகந்த நாள். தெருக் கோயில்களில் வசதிக்காக ஞாயிறு. உங்கள் தெருவில் எந்த வாரம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஞாயிறில் நாலு தெருவில் ஊற்றினால் குடிக்க ஆள் இருக்காது. நான்கைந்து ஞாயிறையும் பக்கத்துத் தெருக்காரர்கள் பேசிப் பிரித்துக்கொள்வதும் அதற்காகத்தான்.

கூழ் எப்படிக் காய்ச்சுவது? அளவு சொல்லுங்கள்.

இதற்குத்தான் அதிகம் போன் வரும். ஞாயிறு காலை ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் அளவு. ஒரு கிலோ கேழ்வரகு மாவு, கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் பச்சரிசி நொய். கரைத்து முடிக்கும்போது ஒன்பது, பத்து லிட்டர் வரும், முப்பது பேருக்கு ஆளுக்கொரு டம்ளர். இந்தக் கணக்கை வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம். பாக்கெட் மாவு வேண்டாம். கேழ்வரகைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மெஷினில் கொடுத்து அரைத்து வாங்குங்கள். "மொத அரவைக்கு என்ன ஓட்டுனீங்க?" என்று மெஷின்காரரிடம் கேளுங்கள். மிளகாய்த்தூள் அரைத்த கல்லில் அடுத்து உங்கள் கேழ்வரகு விழுந்தால் அம்மனுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

வெள்ளி இரவு மாவைத் தோசைமாவுப் பதத்தில் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண்சட்டியில் வைத்து, வாயைத் துணியால் மூடி வேடு கட்டிவிடுங்கள். மண்சட்டி இல்லாவிட்டால் எவர்சில்வர். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதில் இறங்கும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மேலே சின்னச் சின்னக் குமிழி வந்து, மோர் வாசனையும் லேசான கள் வாசனையும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை வரும். அதுதான் பதம். மாவிலும் காற்றிலும் இருக்கிற நல்ல பாக்டீரியாக்கள் மாவுச்சத்தைத் தின்று லாக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன, தயிர் புளிப்பதும் இப்படித்தான்.

சனி சாயங்காலம் அடுப்பு. கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கொதிக்கவைத்து நொய்யைக் கழுவிப் போடுங்கள். நொய் முக்கால் வேக்காடு வந்ததும் புளித்த மாவை ஒருவர் மெல்ல ஊற்ற, இன்னொருவர் துடுப்பால் கிண்ட வேண்டும். ஒற்றை ஆளாய்ச் செய்யாதீர்கள், கட்டி தட்டிப்போகும். அடிப்பிடிக்காமல் இருக்க, துடுப்பு பாத்திரத்தின் அடியை உரசிக்கொண்டே வர வேண்டும். முதலில் செங்கல் நிறத்தில் தண்ணியாக இருக்கும். பத்து நிமிஷத்தில் இறுகும். பிறகு நிறம் கறுத்து, மேலே பளபளப்பு ஏறும், எரிமலைக் குழம்பு மாதிரி "பொளக் பொளக்" என்று வெடித்துக் கையில் தெறிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. வெந்துவிட்டதா என்று பார்க்கக் கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட வேண்டும். விரலில் ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். ஒட்டினால் இன்னும் பச்சை வாசனை போகவில்லை என்று அர்த்தம்.

இரவு முழுக்க ஆறட்டும். ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து, கல்லுப்பு போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கையால் பிசைந்து உடைத்து, கடைசியில் மோர் விட்டுக் கரையுங்கள். மிக்சியை நினைக்கவே கூடாது. சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக் கடைசியில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

போன வருஷம் கூழ் நூல் விட்டுவிட்டது. என்ன தப்பு?

களியைச் சூட்டோடு மூடியிருப்பீர்கள். நானும் அனுபவித்தவன்தான். நான் பொறுப்பேற்ற இரண்டாம் வருஷம், பல்லி விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு அண்டாவுக்கும் தாம்பாளம் போட்டு இறுக்கமாக மூடி, மேலே செங்கல்லும் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் திறந்தால் தாம்பாளத்தின் அடியெல்லாம் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. கரண்டியில் எடுத்தால் கரண்டிக்கும் அண்டாவுக்கும் நடுவே கொழகொழவென்று நூல். எதிர்வீட்டு ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டாப்பா, மூடியா போட்ட? அதுக்கு மூச்சு முட்டாதா?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் வீட்டில் இருந்த மூன்று படி மாவை எடுத்துக்கொடுத்தார். அன்றைக்குப் புளிக்காத கூழ்தான், மோரால் ஒப்பேற்றினோம்.

வெள்ளை வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து வாய் கட்டுங்கள். பல்லியும் விழாது, ஆவியும் போகும். நூல் விட்ட கூழை யாருக்கும் கொடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். அம்மன் பேரைச் சொல்லி வயிற்றைக் கெடுக்கக் கூடாது.

நாங்கள் வாடகை வீடு. எங்களுக்கு இங்கே குலதெய்வமும் இல்லை, இந்த வழக்கமும் இல்லை. ஊற்றலாமா?

ஊற்றலாம். ஒரு சின்னச் செம்பில் மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலைக் கொத்து, அதற்கு மஞ்சள் குங்குமம், முன்னால் ஒரு விளக்கு. அதுவே அம்மன். முதல் கரண்டிக் கூழை வாழை இலையில் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். மந்திரம் தெரியாது என்று வருத்தப்பட வேண்டாம், எங்கள் கோயில் பூசாரிக்கும் தமிழில்தான் கூப்பிடத் தெரியும்.

வீட்டுக்குள்ளேயே ஊற்றிக் குடித்து முடித்துவிடாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். வெளியாள் குடித்த பிறகு வீட்டார் குடிப்பதுதான் முறை. தபால்காரர், குப்பை வண்டி அக்கா, கேஸ் போட வருகிற தம்பி, யாராக இருந்தாலும் சரி.

கருவாட்டுக் குழம்பு படைக்கலாமா, கூடாதா?

சண்டை வரும் கேள்வி. கோயில் அண்டாவோடு வருவது முருங்கைக்கீரை, பச்சை மிளகாய், வெங்காயம், மாங்காய் அவ்வளவுதான். வீட்டுப் படையலில் கருவாடு வைப்பவர்கள் வைக்கிறார்கள். மொச்சைக்கொட்டை, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு இல்லாமல் ஆடிக் கூழ் இறங்காது என்கிற வீடுகள் முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் நிறைய. ராத்திரி கும்பம் போடும் கோயில்களில் சோற்றைக் குவித்து, கருவாட்டுக் குழம்பும் கீரையும் முட்டையும் வைத்துப் படைப்பதும் உண்டு. பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் அந்தக் கும்பச் சோற்றை மடியில் வாங்கிக்கொள்வார்கள். உங்கள் வீட்டு வழக்கம் சைவமானால் அப்படியே செய்யுங்கள். அடுத்த வீட்டு வாசனைக்கு முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

காப்பு கட்டினால் வெளியூர் போகக் கூடாதாமே? எனக்கு தினமும் பாண்டியில் வேலை.

ஊருக்குக் காப்பு கட்டினால் எல்லை தாண்டி வெளியில் இரவு தங்கக் கூடாது என்பது வழக்கம். காலையில் போய் சாயங்காலம் வருவதற்கு இப்போது யாரும் தடை சொல்வதில்லை. கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. கையில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் மட்டும், அதாவது கரகம் எடுப்பவர், தீ மிதிப்பவர், செடல் போடுபவர், கவுச்சி தொடாமல், கட்டிலில் படுக்காமல், செருப்புப் போடாமல் இருப்பார்கள். மஞ்சள் தோய்த்த நூலில் ஒரு விரலி மஞ்சள், அவ்வளவுதான் காப்பு. அவிழ்க்கும் வரை ஆள் வேறு மாதிரி ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஊரறிந்த குடிகாரர் ஒருவர் அந்தப் பத்து நாள் டீக்குக்கூட ஓட்டல் பக்கம் போகமாட்டார்.

செடல் என்றால் என்ன? ஆபத்தில்லையா?

பழைய நாளில் முதுகுச் சதையில் இரும்புக் கொக்கியை மாட்டி, உயரமான மரத்தில் தூக்கிச் சுற்றுவார்கள், அதுதான் செடல். வெள்ளைக்காரன் காலத்தில் இதைத் தடுக்கலாமா வேண்டாமா என்று பெரிய விவாதமே நடந்தது. இன்று பல இடங்களில் ஆளைக் கயிற்றாலோ துணியாலோ கட்டித் தூக்கிச் சுற்றுகிறார்கள். சில இடங்களில் முதுகில் சின்னச் சின்ன ஊசிக் கொக்கி குத்தி சின்னத் தேரை இழுக்கிறார்கள், அலகு குத்திக்கொள்கிறார்கள்.

ஆபத்து ஊசியில் இருக்கிறது. ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. வரை பரவ வழி உண்டு. விபூதி தடவினால் போதும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆளுக்குத் தனி ஊசி, கொதிக்கவைத்தது, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்ட உடம்பு. இவ்வளவும் கேட்பதால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். குழந்தைகளைச் செடலில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. நேர்ந்துகொண்டது அப்பா அம்மா, நடுங்குவது பிள்ளை. குழந்தை பேரில் வேண்டியிருந்தால் எடைக்கு எடை வெல்லம் போடலாம், பால்குடம் எடுக்கலாம், அம்மன் கணக்கில் குறையாது. தீமிதிக்கும் இதேதான் பதில்: பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள், தடுக்கினால் விழுவது இரண்டு பேர்.

வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது. கூழ் ஊற்றலாமா? டாக்டரிடம் போகலாமா?

போகலாம், போக வேண்டும். அம்மன் பேரில் பயந்த பெரியம்மை இந்தியாவில் 1975-க்குப் பிறகு இல்லை. உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, தடுப்பூசியால்தான். இப்போது வருவது பெரும்பாலும் சின்னம்மை, அதற்கு மருந்தும் இருக்கிறது, தடுப்பூசியும் இருக்கிறது. பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வந்தால் நிலைமை மோசமாகலாம், முதல் நாளே காட்டுவது நல்லது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

வாசலில் வேப்பிலை சொருகும் வழக்கத்தை மட்டும் விடாதீர்கள். "இந்த வீட்டுக்குள் வராதே" என்று பேசாமல் சொல்லும் அறிவிப்புப் பலகை அது. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டிக் காயும் வரை அந்த வீட்டுக் கூழ் வெளியே வேண்டாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக ஊற்றிக்கொள்ளுங்கள், ஆடி தாண்டினாலும் பரவாயில்லை.

வீராம்பட்டினம் தேருக்குப் போக வேண்டும். என்ன விசேஷம், எப்போது போவது?

செங்கழுநீர் அம்மன் கோயில். ஆடி ஐந்தாம் வெள்ளி தேர். புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் வந்து கிழக்கே கடற்கரைக்குத் திரும்ப வேண்டும், மொத்தம் ஏழு கிலோமீட்டர் அளவில் வரும். மீனவர் வலையில் சிக்கிய ஒரு மரக்கட்டையிலிருந்து அம்மன் வெளிப்பட்டதாகத் தலக்கதை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் கையை விட்டுப் போன பிறகும் வழக்கம் போகவில்லை, இன்று துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து தொடங்கிவைக்கிறார்கள். ஆளும் கை மாறினாலும் வடம் பிடிக்க ஓர் ஆளுநர் வந்தாக வேண்டும் என்பதில் மீனவர்களுக்கு ஒரு பெருமை.

காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. வழியில் மோர்ப்பந்தலுக்குக் குறைவில்லை. இவ்வளவு கூட்டம் ஆகாது என்பவர்கள் ஆடிப்பூரத்தன்று திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில் பெரியநாயகி அம்மனைப் பார்க்கலாம். அன்று அம்மனுக்கு வளையல் சாத்தி வளைகாப்பு, வளையலைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள்.

எல்லா வீட்டுக் கூழையும் ஒரே அண்டாவில் ஊற்ற வேண்டுமா? எங்கள் பாத்திரத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியை இரண்டு விதமாகக் கேட்பார்கள். சுத்தத்துக்காகக் கேட்பவர்களுக்கு: கொண்டுவரும் ஒவ்வொரு குடத்தையும் முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றுகிறோம், கெட்டது உள்ளே போகாது.

இன்னொரு விதமாகக் கேட்பவர்களுக்கு: தனியாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் கோயிலுக்குக் கொண்டுவராதீர்கள். தலையில் குடம், குடத்தில் வேப்பிலை, பம்பை உடுக்கையோடு ஊர்வலம் வந்து ஒரே அண்டாவில் கவிழ்த்தால்தான் அது அம்மன் கூழ். எவர் வீட்டுக் கூழை எவர் குடித்தார் என்று தெரியாமல் போவதற்குத்தான் அண்டா. சாதி பார்த்துக் கோயிலுக்குள் விடாமல் இருப்பது 1947 ஆலயப் பிரவேசச் சட்டத்திலிருந்தே குற்றம். அப்படியும் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் அதிகாரிகள் சீல் வைக்கும் அளவுக்குப் போனது. அம்மனை உள்ளே வைத்துப் பூட்டும்படி ஆனதற்கு அம்மன் காரணமில்லை.

சர்க்கரை வியாதி உள்ளவர் குடிக்கலாமா?

அரை டம்ளர். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, நல்ல தானியம்தான். ஆனால் மாவாக அரைத்து, நொய்யும் சேர்த்து, குழைய வேகவைத்துக் கரைத்தால் சர்க்கரையை வேகமாக ஏற்றும். "சர்க்கரைக்கு நல்லது" என்று சொம்பு சொம்பாகக் குடிப்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். கீரையை நிறைய வைத்துக்கொண்டு கூழைக் குறையுங்கள்.

டம்ளர்?

வீட்டிலிருந்து சொம்பு கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் கப்பும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. போன வருஷம் கொட்டாங்குச்சியைத் தேய்த்துக் கழுவி வைத்தோம், பிள்ளைகள் அதற்காகவே இரண்டு தடவை வரிசையில் வந்தார்கள்.

கூழ் மிச்சமாகிவிட்டால்?

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இருப்பதை யாருக்கும் ஊற்றாதீர்கள், வெயிலில் புளிப்பு ஏறிவிடும். மாட்டுக்கு வைப்பதானால் பத்து மாட்டுக்குப் பிரித்து, கழுநீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே மாட்டுக்கு ஒரு அண்டாவை ஊற்றினால் வயிறு உப்பிச் செத்தேபோகும், புண்ணியம் என்று நினைத்துப் பாவத்தைத் தேடிக்கொள்ளாதீர்கள்.

கரைக்காத களி மிஞ்சினால் வடகம் போடலாம். பச்சை மிளகாய், சீரகம், உப்பு அரைத்துச் சேர்த்து, பழைய வேட்டியை மாடியில் விரித்துக் கிள்ளிக் கிள்ளி வைத்தால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். துணியின் நாலு மூலைக்கும் செங்கல் வையுங்கள், ஒரு செங்கல் போதாது, இரண்டிரண்டாக. போன ஆடியில் எங்கள் வடகம் வேட்டியோடு பறந்துபோய் மூன்று வீடு தள்ளித் தண்ணீர் டேங்க் மேல் கிடந்தது. அந்த வீட்டு அக்கா வேட்டியை மட்டும் மடித்துக் கொடுத்தனுப்பினார். வடகத்தைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.